அரசுப் பள்ளியில் வளரிளம் பருவ உடல்நல வகுப்பு நடத்துவது எப்படி?

அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூப்பு, மாதவிடாய், உடல் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி வகுப்பெடுக்க முன்வரும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக உடலுறுப்புச் சுவர்ப்படத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். படம் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளின் வரிசை பிசகினால், நன்றாகத் தயாரித்த பாடமும் இரண்டாம் நாளோடு நின்றுபோகும்.

தேவையானவை அதிகமில்லை: வகுப்பெடுக்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வாரத்துக்கு ஒன்றாக நான்கு பிரிவேளைகள், மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்று, ஒரே அளவில் நறுக்கிய தாள்கள், பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பென்சில்கள், இரண்டு பொட்டலம் நாப்கின், ஒரு பீட்ரூட். பீட்ரூட் எதற்கு என்பது ஆறாம் படியில் வரும்.

1. புகார் வழியை முதலில் எழுதி வையுங்கள்

வகுப்பு நன்றாக நடந்தால் ஏதாவதொரு பிள்ளை வாய் திறந்து, தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லக்கூடும். சொன்ன பிறகு யாரை அழைப்பது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012ஆம் ஆண்டில் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. அதன் 19ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்பதையும் அதே 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது. இந்தக் கடைசி வரி தெரியாததால்தான் பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள்.

ஒரே தாளில் உள்ளூர்க் காவல் நிலையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றின் எண்களையும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றையும் எழுதுங்கள். எழுதியதோடு விடாமல் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எங்கள் முதல் தாளில் இருந்த இரண்டு எண்களை யாரும் எடுக்கவில்லை.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சம்மதிப்பது அவருடைய நல்ல மனத்தைக் காட்டுமே தவிர, நாளை ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்தால் அவரையும் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது. நீங்கள் வெளியாள் என்றால் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். விண்ணப்பத்துடன் நான்கு வகுப்பிலும் என்ன பேசப்போகிறீர்கள் என்பதை வரிவரியாக இணையுங்கள்.

புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்று காட்டுவது எளிது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே வளரிளம் பருவம் பற்றிய பாடம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, கூடுமானவரை ஓர் ஆண், ஒரு பெண் என, நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. அப்படிப் பயிற்சி பெற்றவர் அந்தப் பள்ளியில் இருந்தால் அவரையே முன்னிறுத்தி, நீங்கள் துணைக்கு நில்லுங்கள். நீங்கள் போன பிறகும் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவர் அவர்தான்.

விண்ணப்பத்தின் தலைப்பில் ‘பாலியல் கல்வி’ என்று எழுதுவதா, ‘வளரிளம் பருவ நலக் கல்வி’ என்று எழுதுவதா என்று கேட்பார்கள். நான் இரண்டாவதையே எழுதுகிறேன். உள்ளடக்கத்தை முழுவதும் இணைத்துவிட்டபடியால் இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. முதல் தலைப்பைப் படித்ததும் உள்ளே படிக்காமலேயே கோப்பு மூடப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. பிள்ளைகளுக்கு முன் பெற்றோரைச் சந்தியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போய் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஒரு பள்ளியில் தேர்வு நெருங்குகிறது என்று பெற்றோர் கூட்டத்தை விட்டுவிட்டு நேரே வகுப்பைத் தொடங்கினோம். சுவர்ப்படத்தை யாரோ கைப்பேசியில் படமெடுக்க, அது ஊர் வாட்ஸப் குழுவில் “பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லித்தர்றாங்க” என்ற ஒற்றை வரியுடன் சுற்றியது. மறுநாள் காலை பள்ளி வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்கள்மீது இன்றுவரை எனக்குக் கோபமில்லை. படத்தை அவர்களுக்கு முதலில் காட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்துப் பெற்றோரை அழையுங்கள். நூறு நாள் வேலைக்கும் கம்பெனி வேனுக்கும் போகிற தாய்மார்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து வையுங்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் படம், நாப்கின், கேள்விப் பெட்டி என்று எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, கையில் எடுத்துப் பார்க்க விடுங்கள்.

“இதெல்லாம் சொன்னா புள்ளைங்க கெட்டுப்போயிராதா?” என்ற கேள்வி வராத கூட்டமே இல்லை. அதற்குப் புள்ளிவிவரம் அடுக்குவது வீண். “உங்களுக்கு முதல் தடவை வந்தப்போ என்னன்னு தெரிஞ்சுதாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள். அடிபட்டுவிட்டது என்று நினைத்துத் துணியைச் சாணிக்குழியில் ஒளித்தவர், சாகப்போகிறோம் என்று மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்து அழுதவர் என்று கதைகள் வரும். கடைசியில் அவர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வார்கள். தந்தைமார் இருக்கும் கூட்டத்தில் இந்தக் கேள்வி எடுபடாது. அங்கே கைப்பேசியில் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒப்புக்கொள்ளாத பெற்றோரின் பிள்ளையை வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டாம். அந்தப் பிரிவேளையில் நூலகத்துக்கு அனுப்பலாம்.

4. சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

வகுப்பில் நாக்கு தடுமாறினால் பிள்ளைகள் அதை உடனே கவனித்து, இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆண்குறி, விந்தகம், பெண்ணுறுப்பு, கருப்பை, அண்டகம், மாதவிடாய், விந்து ஆகிய சொற்களை வகுப்பெடுக்கும் இருவரும் ஒருவர் முன் ஒருவர் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இந்த ஒத்திகையைத் தவிர்க்காதீர்கள்.

வீட்டில் புழங்கும் சொற்களைத் துரத்த வேண்டியதில்லை. “வயசுக்கு வந்துட்டா”, “தூரம்”, “தலைக்குக் குளிக்கிறது” என்று பிள்ளைகள் எழுதுவதைப் பலகையில் ஒரு பக்கமும், பாடச் சொல்லை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். ‘தீட்டு’ என்ற சொல் வரும்போது மட்டும் நின்று, அந்த ரத்தத்தில் அசுத்தம் எதுவுமில்லை, அது கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து வருவது என்று சொல்லிவிட்டு நகருங்கள். மஞ்சள் நீராட்டு விழா சரியா தவறா என்ற விவாதத்தில் இறங்கினால் அந்தப் பிரிவேளை அதிலேயே போய்விடும்.

5. கேள்விப் பெட்டி

நான்கு வகுப்பின் உயிரும் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு “சந்தேகம் இருக்கிறவர்கள் எழுதிப் போடுங்கள்” என்று சொன்னால் ஒரு சீட்டும் விழாது. யார் எழுந்து வருகிறார் என்பதை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவுத் தாளும் பென்சிலும் கொடுங்கள். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் “கேள்வி இல்லை” என்று மூன்று முறை எழுத வேண்டும். மூன்று முறை என்பது எழுதும் நேரத்தைச் சமன்படுத்துவதற்காக. இல்லையென்றால் அதிக நேரம் எழுதுகிறவர் யாரென்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பெயர், வகுப்பு எதுவும் வேண்டாம். நான்காக மடித்து, பெட்டியை நீங்களே வரிசை வரிசையாக எடுத்துச் சென்று வாங்குங்கள்.

அன்றைக்கே பிரித்துப் படிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்றாகப் பிரியுங்கள்: வகுப்பில் பதில் சொல்ல வேண்டியவை, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டியவை, ஆபத்தைக் காட்டுபவை. மூன்றாவது வகை ஒன்று வந்தாலும் முதல் படியில் எழுதிய தாள் வெளியே வர வேண்டும். கையெழுத்தை வைத்து வகுப்பில் துப்பறியாதீர்கள். அடுத்த வகுப்பில் பொதுவாக, “இப்படி யாருக்காவது நடந்தால் என்னிடம் தனியே வரலாம், அல்லது 1098ஐ அழைக்கலாம்” என்று சொல்லுங்கள். அதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. அச்சம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அன்றே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசனையைப் பெற்றுக் காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஒருமுறை பென்சில் முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதிய ஒரு சீட்டு வந்தது: “சார் எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு வீங்கிருக்கு தொட்டா வலிக்குது நான் பொண்ணா மாறிடுவனா.” எங்களில் வகுப்பெடுத்த நண்பர் அதைத் தம் சொற்களில் மாற்றிப் படித்தார். பூப்புக் காலத்தில் ஏறத்தாழ பாதி ஆண் பிள்ளைகளுக்கு ஹார்மோன்களின் விகிதம் மாறுவதால் மார்புக்காம்பின் அடியில் இப்படிக் கட்டி போல் வரும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானே மறையும் என்று விளக்கினார். எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் ஒருவரல்ல, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டது கேட்டது.

சீட்டை எழுதியபடியே வாசிக்காமல் மாற்றிப் படிப்பதற்குக் காரணம், ஒரு சொல்லோ எழுத்துப்பிழையோ எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். படித்து முடித்த சீட்டுகளைப் பள்ளிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆபத்தைக் காட்டும் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

6. நான்கு வகுப்புகளின் வரிசை

முதல் வகுப்பு உடல் மாற்றங்களைப் பற்றியது. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே நடக்கும். தனியே பிரிப்பது சிரிப்பைக் குறைக்கவும் கேள்வியைக் கூட்டவும்தான். இரு பக்கமும் ஒரே பாடமே நடக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு மாதவிடாயும், பெண் பிள்ளைகளுக்கு ஆண் உடலின் மாற்றமும் தெரிய வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று தயங்கும் பிள்ளை இருந்தால், எல்லோர் முன்னும் கேட்காமல் விருப்பமான பக்கம் உட்கார விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றம் தொடங்கும் என்று வயதை வரம்பாகச் சொல்லுங்கள். ஒரே எண்ணாகச் சொன்னால், அந்த வயதைத் தாண்டிய பிள்ளை அன்றிரவு தூங்காது.

இரண்டாம் வகுப்பு மாதவிடாய். இங்கேதான் பீட்ரூட். அதை வேகவைத்த நீரை டீஸ்பூனால் அளந்து எட்டு முறை கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள்; அது ஏறத்தாழ 40 மில்லி. ஒரு மாதவிடாய் முழுவதிலும் சராசரியாக வெளியேறும் ரத்தம் அவ்வளவே என்று காட்டியதும், “உடம்பு ரத்தமெல்லாம் போயிடும்” என்ற பயம் இறங்கும். பிறகு நாப்கினைப் பிரித்து உள்ளாடையில் ஒட்டிக் காட்டி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும் என்று செய்துகாட்டுங்கள். துணி பயன்படுத்துவோரைக் கடிந்துகொள்ளாமல், அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள். மறைவிடத்தில் ஈரத்தோடு காயப்போடுவதில்தான் தொல்லை.

முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி 21 நாளிலிருந்து 45 நாள் வரை முன்பின்னாக வருவது இயல்பு. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒவ்வொரு மணி நேரமும் நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் இங்கே ஒரு சொல்: மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் அதைச் சன்னலுக்கு வெளியே வீசுகிறார்கள். அது மாத்திரையின் நிறந்தான். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் வயிற்றுப் புரட்டலும் குறையும்.

ஆண் பிள்ளைகளின் பக்கம் அதே வாரத்தில் இரண்டு செய்திகள் தவறாமல் போய்ச் சேர வேண்டும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல, அதனால் ரத்தமோ பலமோ குறைவதில்லை. பேருந்து நிலையச் சுவரில் ‘நரம்புத் தளர்ச்சி’, ‘இளமையில் செய்த தவறு’ என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்களைப் பெரும்பாலான பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வீட்டில் காசு திருடி அங்கே போனவர்களும் உண்டு. இரண்டாவது, விந்தகத்தில் திடீரென்று கடும் வலி வந்தால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பு உடல் எல்லை, கைப்பேசி, மறுக்கும் உரிமை ஆகியவற்றைப் பற்றியது. எல்லோரையும் சேர்த்து நடத்துங்கள். அந்நியர்களைப் பற்றி மட்டும் எச்சரிப்பது பெரும்பிழை, ஏனெனில் துன்புறுத்துபவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். “தப்பு உன்மேல் இல்லை, நேரங்கழித்துச் சொன்னாலும் பரவாயில்லை” என்ற வாக்கியத்தை இருமுறையாவது சொல்லுங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணமோ இன்னொரு படமோ அனுப்பாமல், உரையாடலை அழிக்காமல் பெரியவரிடம் காட்ட வேண்டும். பதறி அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

நான்காம் வகுப்பு சட்டமும் மருத்துவ உதவியும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதுக்கு முன் நடத்தும் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது சில வீடுகளில் உடனடியாகத் தேவைப்படும் செய்தி. 18 வயதுக்குட்பட்ட இருவர் விரும்பிப் பழகினாலும் உடலுறவு போக்சோவில் குற்றமாகவே பார்க்கப்படும் என்பதை மிரட்டலாக அன்றித் தகவலாகச் சொல்லுங்கள். இந்தப் பயத்தால் கர்ப்பமான சிறுமியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாத குடும்பங்கள் உண்டு. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரும் அடையாளமும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனியே சொல்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை இந்த வகுப்புக்கு நேரில் வரவழையுங்கள். முகம் தெரிந்தால்தான் பிள்ளை பிறகு அங்கே படியேறும்.

7. ஒரு பிள்ளை தனியே வந்து சொல்லும்போது

“யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா” என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தச் சத்தியத்தை ஒருபோதும் செய்யாதீர்கள்; சட்டப்படி உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றாமல் போனால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. “உன்னைப் பாதுகாக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்பதே நேர்மையான பதில்.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், தோண்டிக் கேட்காதீர்கள். எப்போது, எங்கே, எத்தனை முறை என்பது விசாரணை அதிகாரியின் வேலை. நீங்கள் கேட்கக் கேட்கப் பிள்ளையின் சொற்கள் மாறி, பின்னால் நீதிமன்றத்தில் அதுவே எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும். சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள்.

கூடுமானவரை பெண் காவல் அலுவலரே, சீருடையின்றி, பிள்ளை விரும்பும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு என்று பிள்ளையிடமும் பெற்றோரிடமும் விளக்குங்கள். “ஸ்டேஷனுக்குப் போகணுமா” என்ற அச்சமே பாதி வழக்குகளை முடக்குகிறது. பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், உடன்படாதீர்கள்.

8. கழிப்பறைக்குத் தீர்மானம் வாங்குங்கள்

நாப்கினை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று சொல்லிவிட்டு வருகிறோம்; கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அப்படியிருக்க அந்தப் பாடத்துக்குப் பொருளில்லை. ஆகவே இரண்டாம் வகுப்பு முடிந்ததும் மாணவியர் இருவரோடு கழிப்பறைகளைப் பார்வையிட்டு, தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, நாப்கின் இருப்பு ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். பத்துப் பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை.

அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். குழுவால் முடியாத செலவு என்றால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் அது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள், நகலும் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நகலோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் ‘மாணவியர் அவதி’ என்று பொதுவாக எழுதாமல், “கழிப்பறை ஆறு, தாழ்ப்பாள் உள்ளவை இரண்டு” என்று எழுதுங்கள்.

9. மூன்றாம் மாதம் திரும்பிப் போங்கள்

நான்காம் வகுப்போடு கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். மூன்று மாதம் கழித்து அதே பெட்டியோடு ஒரு பிரிவேளைக்குத் திரும்பிப் போங்கள். முதல் முறை சீட்டில் பாதிக்கு மேல் “கேள்வி இல்லை” என்றிருக்கும். இரண்டாம் முறை அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே எங்கள் கணக்கு. தேர்வு வைத்து மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் சரியான விடையை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

அன்று கழிப்பறைப் பக்கமும் போய்த் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் படியில் எழுதிய எண் தாளின் நகல் பள்ளிச் சுவரில் கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் பையில் இருக்கும் இன்னொன்றை ஒட்டிவிட்டு வாருங்கள்.